மறதிப் பெட்டி

"மறந்துட்டேன்," என்றார் நெவில்.

இந்த வாரமும்!

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கல்லா மேஜையில் ரொட்டி, பால், சூப் டின், ரெண்டு துண்டு ஆட்டிறைச்சி. கையில் பை கிடையாது. எங்கள் ஊரில் பிளாஸ்டிக் பையை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் பையோடு வருகிறது, இந்த மனிதருக்கு மட்டும் என்ன கேடு?

"போய் எடுத்துக்குங்க," என்றேன்.

கடை வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. பெவர்லியும் அவள் தோழிகளும் சர்ச் ஹாலில் உட்கார்ந்து, தானமாக வந்த பழந்துணியில் பை தைத்து அதில் போடுவார்கள். பை மறந்தவர்கள் ஒன்றை எடுத்துப் போகலாம், அடுத்த தடவை திருப்பிப் போட்டுவிட வேண்டும். ஊரில் அதற்கு மறதிப் பெட்டி என்றே பெயர்.

நெவில் எடுப்பார். திருப்பிப் போட்டதாகச் சரித்திரமே இல்லை.

அதுவும் சும்மா எடுக்க மாட்டார். அடிவரை கிளறுவார். சில வாரம் எதுவும் பிடிக்காமல், பாலையும் ரொட்டியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் வண்டிக்கு ஓடுவார். ஓசிப் பையில் இவ்வளவு பார்வையா என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு ஒரு நீலப் பூப்போட்ட பையோடு திரும்பினார். பின்னாலேயே பெவர்லி வந்து நின்றாள்.

பெவர்லி பையை மறந்து நான் பார்த்ததில்லை. தோளில் எப்போதும் அதே பை, சிவப்பில் வெள்ளைப் புள்ளி, அவளே தைத்தது. "வீட்டுச் சாவியை மறந்தாலும் மறப்பேன், இதை மறக்க மாட்டேன்" என்று பீற்றிக்கொள்வாள்.

"நெவில், உன் வண்டி டிக்கி திறந்து கெடந்துச்சு. மூடலாம்னு போனேன்," என்றாள். "உள்ளே நல்ல நல்ல பையா அடுக்கி வச்சிருக்கே!"

நெவில் முகம் செத்துப்போயிற்று.

"அது வந்து... மறந்துட்டேன், பெவ்."

"எதை மறந்தே? வண்டியில பை இருக்கறதையா, எங்க பையைத் திருப்பித் தரணும்கறதையா? நாங்க விரல் வலிக்க வலிக்கத் தைக்கறோம், நீ ஒருத்தனே பெட்டியைக் காலி பண்றே!"

வரிசையில் நின்றவர்கள் கையிலிருந்த சாமானின் லேபிளைப் படிப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"கொண்டு வந்து போட்டுடறேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னே. நேராவே கேக்கறேன். நீ திருடறியா, இல்ல நிஜமாவே மறதியா? மறதின்னா உன் பொண்ணுக்குப் போன் பண்ணியாகணும். தனியா இருக்கே. நாளைக்கு அடுப்பை அணைக்க மறந்தா?"

எனக்குத் திக்கென்றது. அவர் மகள் ஜோவான் அடிலெய்டில் இருக்கிறாள். அம்மா போனதிலிருந்து, வீட்டை விற்றுவிட்டு அப்பாவை அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கத் துடிக்கிறாள். ஒரு சாக்குக் கிடைத்தால் போதும்.

"போன் பண்ணாதே, பெவ்." நெவில் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப உண்மையைச் சொல்லு."

நெவில் அந்த நீலப் பையை மேஜைமேல் வைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பினார். ஒரு மூலையில் பழுப்பாக இஸ்திரிப்பெட்டி சுட்ட தடம்.

"இது என் நோலாவோட கவுன். தேய்ச்சுத் தரேன் பேர்வழின்னு நான்தான் பொசுக்கினேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல."

பெவர்லி குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தாள்.

"அவ துணி கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா மனசு தேறாது, குடுத்துடுன்னு நீதானே சொன்னே? மூட்டையைக்கூட நீதான் தூக்கிட்டுப் போனே. நல்லதுக்குத்தான் சொன்னே. ஆனா அலமாரி காலியானப்புறம் வீட்டுல இருக்கவே முடியல. அப்புறம் ஒருநாள் இங்கே வந்தா, அவ கட்டிக்கிட்டு சமைக்கற ஏப்ரன், பையாக் கெடந்துச்சு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, பாவி மனுஷா!"

"எப்படிக் கேக்கறது? செத்துப்போனவ துணிக்குக் கிழவன் பெட்டியைக் கிளறறான்னு காதுல விழுந்தா, ஜோவான் மறுநாளே வந்து கூட்டிட்டுப் போயிடுவா. மறந்துட்டேன்னா ஊர்த் திட்டோட போயிடும்னு நெனச்சேன்."

நான் சூப் டின்னுக்கு ரெண்டாவது தடவை பில் போட்டுவிட்டு, அழித்துக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சுடு, நெவில்," என்றாள் பெவர்லி, மெதுவாக. "எல்லாம் கெடச்சுடுச்சா?"

"ஒண்ணுதான் பாக்கி. ஹால்ல நடந்த டான்ஸுக்கு அவ போட்டுட்டு வந்தது. அன்னிக்குத்தான் அவளை முதல்ல பார்த்தேன். நீ இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி." சாமானைப் பையில் போட ஆரம்பித்தார். "அது இந்தப் பெட்டிக்கு வராது, பெவ்."

"ஏன் வராது? நான் தேடித் தரேன். எப்படி இருக்கும், சொல்லு."

நெவில் அவள் தோளைப் பார்த்தார். சட்டென்று பார்வையை எடுத்துக்கொண்டார்.

பெவர்லி தன் தோளில் கிடந்த புள்ளிப் பையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வாசல் பக்கம் போய்விட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்து வரிசையில் நின்றாள்.

நெவில் வெளியே போகும்போது பெட்டியருகே நின்றார். குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மழையில், ஓடாமல் நடந்து போனார்.

பெவர்லியின் சாமான்களுக்குப் பில் போட்டு முடித்து, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"பை?"

"மறந்துட்டேன்," என்றாள் பெவர்லி.