துவைக்காத சட்டை

யாராக இருந்தாலும் சரி, இவன் மட்டும் வேண்டாம்.

வினோதா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

கையில் சட்டை இருந்தது. வெள்ளைச் சட்டை. நெஞ்சுப் பக்கம் முழுக்கச் சிவப்புச் சாயத்தில் வெல்லப்பாகைக் கலந்து பூசிய ரத்தம். காலர் ஓரமாக ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

"அனஸுக்குக் காய்ச்சலாம், வரமாட்டான்." நாடகத்தை இயக்கும் சுடர்விழி போனை மேசைமேல் போட்டாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பெண், பாரீசில் நாடகம் படித்துவிட்டு வந்தவள். "நாளன்னிக்கு ஷோ. அலோர்... அப்போ, மகனா நிக்க யாராவது வேணுமே."

அவள் பார்வை வாசலில் போய் நின்றது.

ஹெல்மெட்டைக் கையில் மாட்டியபடி புருஷோத்தமன் அப்போதுதான் உள்ளே வந்திருந்தான். வினோதாவின் ஒரே பிள்ளை. சேதராப்பட்டுக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, பீச் ரோட்டை அடைத்துவிட்டதால் வண்டியைச் சந்தில் நிறுத்திவிட்டு, அம்மாவை அழைத்துப்போக வந்தவன். தினமும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, ஒத்திகை முடியும்வரை பேசாமல் பார்ப்பான்.

"தம்பி, செத்த வந்து நில்லுங்களேன். வசனமெல்லாம் இல்ல. அம்மா சட்டைய மாட்டிவிடுவாங்க, அவ்ளோதான்."

"அப்பாடா, என்னக் கொல்ல ஆள் கெடச்சிட்டான்!" கொலைகாரனாக நடிக்கும் ராஜாங்கம் கையைத் தட்டினார். "சீக்கிரம் வாப்பா, செத்துட்டு நான் டீ குடிக்கப் போவணும்."

எல்லோரும் சிரித்தார்கள். புருஷோத்தமன் சிரிக்கவில்லை. நேராக மேடையேறி வந்தான்.

எங்கோ ஒரு தேசத்தில், எப்போதோ எழுதிய நாடகம். அரசன் கொல்லப்படுகிறான். மகன் வளர்ந்து பழி தீர்க்கிறான். கடைசியில் பிணங்களை எடுக்கக்கூட ஆள் மிஞ்சுவதில்லை. சுடர்விழி அதை இந்தக் கடற்கரைக் குப்பத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். அரசன் போட் முதலாளி ஆனான். வாள், மீன் வெட்டும் கத்தி ஆனது.

இந்தச் சட்டைக் காட்சி மட்டும் வினோதா கொடுத்தது.

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள் அவள். மகளிர் குழு வழியாக நாடகத்துக்கு வந்தவள், இதில் தாயாக நடிக்கிறாள். முதல் நாள் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, உங்க ஊர்ல பழி வாங்கறதுன்னா எப்படி என்று சுடர்விழி கேட்டபோது, வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது.

"எங்க ஊர்ல ஒரு வீட்ல, வலைச் சண்டையில வெட்டுப்பட்டு செத்தவரு சட்டைய தொவைக்கவே இல்ல. பங்காளிங்க விடல. புள்ள பெருசாயி, அந்தச் சட்ட அவனுக்கு அளவா வர்ற அன்னிக்கு, பெத்தவளே எடுத்து மாட்டி அனுப்பணும்னுட்டாங்க."

சுடர்விழி கண்ணை மூடிக்கொண்டாள். நாடகத்தின் நடுக்காட்சி அன்றைக்கே பிறந்தது.

இப்போது மகன் எதிரே நின்றான். எப்போது இத்தனை அகலமானது இந்தத் தோள்? இந்தக் கைகளுக்கு எத்தனை சட்டை மாட்டியிருப்பாள். பள்ளிக்கூடத்துச் சட்டை, தீபாவளிச் சட்டை, பட்டன் அறுந்த சட்டை. இதுவும் ஒரு சட்டை. வெறும் வெல்லப்பாகு.

சட்டையை விரித்தாள். விரல்களில் பாகு ஒட்டியது.

யாரும் சொல்வதற்கு முன்பே புருஷோத்தமன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தான்.

"அப்பாவோட பங்காளி, கொளஞ்சி சித்தப்பா, கம்பெனி வாசலுக்கே வந்தாரு. எல்லாம் சொல்லிட்டாரு. நம்ம வீட்டுச் சட்ட எங்கம்மா இருக்கு?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அப்பா கடலுக்குப் போனார், புயலில் போட் கவிழ்ந்தது. அவனுக்கு அவள் சொல்லி வளர்த்த கதை அவ்வளவுதான். அந்தக் கதைக்காகவே ஊரைவிட்டாள், உறவைவிட்டாள், யாருடைய நல்லது கெட்டதுக்கும் போகாமல் இருந்தாள். இத்தனை வருஷம் எவரிடமும் சொல்லாததை, 'எங்க ஊர்ல ஒரு வீட்ல' என்று ஆரம்பித்தால் சொல்லிவிட முடிந்தது. சொன்ன பிறகு நெஞ்சு லேசானதுகூட நினைவிருக்கிறது.

கடைசி நாற்காலியில் அவன் தினமும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான்?

"தொவைச்சிட்டேன்டா," என்றாள். "எப்பவோ தொவைச்சிட்டேன்."

அவன் அவள் கண்ணையே பார்த்தான். சின்ன வயதிலிருந்தே அவள் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவான்.

பீரோவின் அடித்தட்டில், கல்யாணப் புடவைக்குக் கீழே அது இருந்தது. ஒவ்வொரு போகிக்கும் எரிக்கத்தான் எடுப்பாள். காலரை ஒருமுறை மோந்து பார்ப்பாள். திரும்ப மடித்து வைத்துவிடுவாள். ரத்தத்தை மட்டும் எரித்துவிட்டு அவருடைய வாசனையை விட்டுவைக்கிற நெருப்பு எங்கே இருக்கிறது?

"சூப்பர்க்கா, அப்படியே இருங்க!" கீழேயிருந்து சுடர்விழி கத்தினாள். "தம்பி மொகத்தப் பாருங்க, அனஸுக்கு மூணு வாரமா வராதது வந்துடுச்சு. ம், மாட்டுங்க!"

ராஜாங்கம் தரையில் படுத்துச் செத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புருஷோத்தமனின் கைகள் நீட்டியபடியே இருந்தன. அவன் அப்பாவுக்கும் இதே நீளக் கைகள்.

வினோதா சட்டையை நான்காக மடித்தாள். எறும்பு அவள் மணிக்கட்டுக்கு ஏறியது. தட்டிவிடவில்லை.

"நான் மாட்ட மாட்டேன்மா," என்றாள் சுடர்விழியிடம், மகனைப் பார்த்தபடி.