மில் வளைவில் பூசணிக்காய்

மில் வளைவில் ஒரே மாதத்தில் நான்கு பைக்குகள் சறுக்கி விழுந்ததும், கவுன்சிலர் மகிழ்வண்ணன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பேய்! லாரிகள் சிந்திவிட்டுப் போன ஜல்லியும் மணலும் தார்ச்சாலையில் பாய் விரித்த மாதிரி கிடக்க, ஓரமாக விளக்கேற்றி, பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவிக்கொண்டிருந்தார் பூசாரி.

எதிர்வீட்டுச் செண்பகவல்லி துடைப்பத்தோடு இறங்கினாள். மகள் வேலை முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும் நேரம்.

"விளக்கு வெச்சப்புறம் பெருக்குறியேம்மா! லட்சுமி தங்குவாளா?" கவுன்சிலர் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"உங்க மச்சான் லாரி கொட்டிட்டுப் போனதைத்தாங்க பெருக்குறேன்."

"வாயைப் பாரு! பேயை ஓட்டிட்டா எல்லாம் சரியாயிடும்."

செண்பகவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சாக்கடையில் செத்துக்கிடந்த எலியைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. குனிந்து இரண்டு கையாலும் ஜல்லியை வாரிப் பூசைத் தட்டில் கொட்டினாள்.

"அப்ப முதல்ல இதை ஓட்டுங்க."

பூசாரி அவசரமாகப் பூசணிக்காயைச் சாலையில் ஓங்கி உடைத்தார். ஜல்லியின் மேல் சதையும் விதையும் வழவழவென்று சிதறின.

"ஓடிப்போச்சு!" என்று கைதட்டினார் கவுன்சிலர்.

வளைவுக்கு அப்பால் மகளின் ஹாரன் கேட்டது. செண்பகவல்லி கைகளை விரித்துக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடினாள்.