வண்டிக்கு என்னாச்சு?

"வண்டிக்கு என்னாச்சும்மா?" என்று கேட்டார் சர்வேயர்.

போனைப் பிடித்திருந்த அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கடல் தாண்டி எங்கோ ஒரு நாட்டில் பெற்ற மகள் சைக்கிளிலிருந்து விழுந்து, கண்ணுக்குக் கீழே கருநீலமாக வீங்கி, உதடு வெடித்து உட்கார்ந்திருக்கிறாள். இந்த மனிதருக்கு வண்டியைப் பற்றிக் கவலை.

"உங்கப்பாவுக்கு ரத்தம் வந்தா கண்ணுக்குத் தெரியாதுடி. ஆயில் ஒழுகினாத்தான் தெரியும்" என்றாள், அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில்.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் இல்லை. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, என்ன சேதம், எப்படி ஆனது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்றும் பழக்கம் விடவில்லை. விருந்துக்குப் போனால்கூட வாசலில் நிற்கும் காரை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

ஆட்கள் பதற்றத்தில் ஆயிரம் சொல்வார்கள், வண்டியைக் கேட்டால்தான் நடந்தது தெரியும் என்பது அவர் கட்சி. எவ்வளவு வேகத்தில் விழுந்தாள், தலை தரையில் மோதியிருக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதை வாய் திறந்து சொல்லத் தெரிந்திருந்தால் இத்தனை வருஷத்தில் பாதித் திட்டு மிச்சமாகியிருக்கும்.

மகள் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளையின் முகம் திரைக்குள் வந்தது.

மாப்பிள்ளை நன்றாகப் பேசுவார். ஈர ரோடு, திருப்பத்தில் சக்கரம் வழுக்கி வலது பக்கமாகச் சாய்ந்துவிட்டாள், எலும்புக்கு ஒன்றும் இல்லை, டாக்டரிடம் காட்டியாகிவிட்டது என்று கோர்வையாகச் சொன்னார். சைக்கிளில் போகாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டதையும் சொன்னார். நடுவில் எழுந்துபோய், அவள் கேட்காமலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாமியாருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "நீங்க பக்கத்துல இருக்கீங்க மாப்பிள்ளை. எங்களுக்கு அது போதும்."

மகள் தண்ணீரைக் குடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "வண்டியைப் போட்டோ எடுத்து அனுப்புறேன்பா. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

"அப்பாவுக்கு ஏத்த பொண்ணு" என்று மாப்பிள்ளை சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் உதடு விட்ட அளவுக்குச் சிரித்தாள்.

போன் ஓய்ந்ததும் மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். போன உயிர் திரும்பி வந்த தெம்பில் உள்ளே பாத்திரங்கள் உருண்டன. சர்வேயர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்தார்.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம். பள்ளி விடுமுறைகளில் அவரோடு ஒர்க்‌ஷாப்புகளுக்கு வந்து டார்ச் பிடித்த பெண். வரிசை பிசகவில்லை.

பிறகு கிட்டத்துப் படங்கள். வலது பெடலின் ஓரம். வலது பிரேக் பிடியின் நுனி. ஹேண்டில் பாரின் முனை. சீட்டின் வலது விளிம்பு.

வலது பக்கம் விழுகிற எந்தச் சைக்கிளும் முதலில் தரையைத் தொடுகிற இடங்கள். சும்மா நிறுத்தி வைத்த வண்டி காற்றில் சாய்ந்தால்கூட அங்கெல்லாம் சிராய்ப்பு இருக்கும்.

அவர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பெடல் ஓரத்துப் பெயின்ட் கடையில் வாங்கின மாதிரியே இருந்தது. இடது பக்கமும் அப்படித்தான்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்த மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அட, வண்டிக்கு ஒண்ணுமே ஆகலையே! இப்ப நிம்மதியா உங்களுக்கு?"

"ம்" என்றார்.

வேலையில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறார். சொல்லப்படும் விபத்து நடக்கவே இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். இப்போது பயமாக இருந்தது. அந்தச் சைக்கிள் உருத்தெரியாமல் நசுங்கிக் கிடந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார்.

போட்டோ அனுப்பச் சொல்லி அவர் கேட்கவில்லை. எந்த இடங்களைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.

பதில் எழுத விரலை வைத்தவர் நிதானித்தார். அந்தப் போனை அவள் மட்டும்தான் பார்ப்பாள் என்று சொல்ல முடியாது. வண்டியைப் பற்றி மட்டுமே எழுதினார்.

"வண்டியைப் பார்த்தேன். இது நேரில் வந்து பார்க்க வேண்டிய கேஸ். கிளம்புகிறேன்."

போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"சீக்கிரம் வாங்கப்பா."