கழுவினாலும் போகாது

"எங்க தாத்தா வந்துட்டாவ. நான் போறேன்."

பள்ளிக்கூட வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு நின்ற சோலைராஜின் காதில் அது தெளிவாக விழுந்தது. சொன்னது அவருடைய மகள் பொன்மணி. மூன்றாம் வகுப்பு. பக்கத்தில் நின்ற தோழி ஜெபாவிடம் சொல்லிவிட்டு, ஓடி வந்து பைக்கில் ஏறிக்கொண்டாள்.

அவளுடைய தாத்தாக்கள் இரண்டு பேருமே போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது.

சோலைராஜ் கோவில்பட்டியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். கல்யாணமாகி நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து, நாற்பதைத் தாண்டியபின் பிறந்த ஒற்றை மகள். அவள் நடை பழகுவதற்குள் அவர் தலை பருத்திக்காடு வெடித்த மாதிரி வெளுத்துவிட்டது.

மனைவி உமாதேவியிடம் ராத்திரி சொன்னார்.

"பிள்ளை ஏதோ விளையாட்டுக்குச் சொல்லியிருக்கும். அதப் போய்ப் பெருசா எடுத்துக்கிடுதீங்க" என்றாள்.

"விளையாட்டு இல்ல உமா. அப்பான்னு சொல்ல வெக்கப்படுதா. இப்பவே இப்படின்னா, பெரியவளானா என்னைய வாசப்பக்கமே வர விடமாட்டா."

"அவளயே கூப்பிட்டுக் கேட்டுட்டாப் போச்சு."

"கேக்க வேண்டாம். தலைய மாத்தாம நான் அந்த வாசல்ல போய் நிக்க மாட்டேன். அதுவரைக்கும் நீ போய்க் கூட்டிட்டு வா."

மறுநாள் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு, பியூட்டி பார்லர் சாமான் விற்கும் கடைக்குப் போனார்.

"பாக்கெட் டை பவுடர் வேண்டாம்மா. ஒருதடவ அடிச்சு, கொஞ்ச நாள்ல செம்பட்டையாப் போச்சு. பார்லர்ல போடுவாங்கல்லா, அதக் குடு. பெர்மனென்டா நிக்கணும்."

கடைக்காரப் பெண் இரண்டு மூன்று டியூப்களை எடுத்து வைத்தாள்.

"இது டியூப், இது டெவலப்பர். ரெண்டையும் கலந்து போடணும் அண்ணாச்சி. ஒண்ணாம் நம்பர் அட்டக்கருப்பு. உங்களுக்குத் தொப்பி மாட்டுன மாதிரி இருக்கும். மூணாம் நம்பர் எடுத்துக்கோங்க, டார்க் பிரவுன். போட்டதே தெரியாது."

"எட்டு வயசுப் பிள்ளைக்கு அப்பா மாதிரி இருக்குமா?"

அந்தப் பெண் மூணாம் நம்பர் டியூப்பை எடுத்துப் பையில் போட்டாள்.

"இருக்கும் அண்ணாச்சி. ஆனா மொதல்ல காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவி, ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. அரிப்பு எடுத்துச்சுன்னா தலையில வைக்கவே கூடாது."

தடவினார். உமாதேவி காலையிலும் மாலையிலும் காதை மடக்கிப் பார்த்தாள். அரிக்கட்டும் என்று அவளுக்கு உள்ளூர ஆசை. அவளுக்கு அந்த வெள்ளைத் தலைதான் பிடிக்கும். அரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொன்மணி இடைசெவலில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். சோலைராஜ் பழைய கைலியைத் தோளில் போர்த்திக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தார். சாயம் ஒட்டாமலிருக்க நெற்றியோரம் வாஸ்லின் தடவிக்கொண்டார். உமாதேவி எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து வந்தாள்.

"அது ஆகாது. பிளாஸ்டிக்குலதான் கலக்கணும்னு போட்டிருக்கான்."

தயிர் டப்பாவில் கலந்தார்கள். நெடி கண்ணைக் கரித்தது. அவள் வகிடு வகிடாகப் பிரித்துப் பிரஷால் தடவினாள்.

"போதுமா?"

"பின்மண்டையில நல்லா வையி. பிள்ளை பைக்குல பின்னாடிதான உக்காருதா."

அரைமணி நேரம் அசையாமல் இருந்து, தலையை அலசிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். பத்து வயது குறைந்த ஒருத்தர் நின்றார்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு கருப்பா வரல நீங்க" என்றாள் உமாதேவி. அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் சோலைராஜ் சிரித்தார்.

சாயங்காலம் வந்த பொன்மணி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு பக்கத்தில் வந்து அவர் முடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கழுவுனா போயிருமாப்பா?"

"போகாதும்மா. பெர்மனென்ட்."

அவள் முகம் வாடிவிட்டது. நம்ப முடியவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நடுநாயகமாக நின்றார். பொன்மணியும் ஜெபாவும் கைகோத்து வந்தார்கள்.

"உன்னைய கூப்பிட வந்திருக்கிறது யாரு?" ஜெபா கேட்டாள்.

பொன்மணி கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க சித்தப்பா."

 பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்த சோலைராஜ், தெருமுனை தாண்டியதும் ஓரமாக வண்டியை நிறுத்தி அவளை இறக்கினார்.

"நான் உனக்கு யாருட்டி?"

"அப்பா."

"அங்கன வச்சு ஏன் சொல்லல? வெள்ளத் தல இருந்தப்பதான் கேவலமா இருந்துச்சு. இப்பவும் என்னைய அப்பான்னு சொல்ல முடியலையா?"

அதட்டத்தான் நினைத்தார். கெஞ்சலாகத்தான் வந்தது.

பொன்மணி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெபாவுக்கு அப்பா இல்லப்பா. வெடி ஆபீஸ்ல பட்டாசு தீப்பிடிச்சு செத்துப்போயிட்டாவ. அவளக் கூப்பிட தாத்தாதான் வாராவ. யாராச்சும் 'எங்க அப்பா வந்துட்டாவ'ன்னு சொன்னா அவ அழுவா. அதான் எனக்கும் தாத்தாதான் வாராவன்னு சொல்லி வச்சிருந்தேன். நீங்கதான் தலைக்கு அடிச்சு எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க."