ஒரு முழ நூல்

கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தோடுதான் ஹெலன் அந்தப் பள்ளிக்கூட ஹாலுக்குள் நுழைந்தாள். பைக்குள் இருந்தது ஒரு முழம் வெள்ளை நூல். நேற்று இங்கிருந்து திருடியது.

திருட்டு என்று சொன்னால் பாவம், அழுதுவிடுவாள். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்பவள். தைத்து வரும் ஷூவில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிட வேண்டும், அதுதான் வேலை. கல்யாண வீட்டில் பக்கத்து இருக்கைக்காரியின் ஜாக்கெட்டில் நூல் தொங்கினாலும் அவள் கை சும்மா இருக்காது.

சென்னை அருங்காட்சியகம் ஒன்று ஊர் ஊராகக் கொண்டுபோகும் கலைக் கண்காட்சி அது. நேற்று சர்ச் முடிந்து வரும் வழியில் எட்டிப் பார்த்தாள். தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பெரிய விரிப்பு ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது. பையிலிருந்த சின்னக் கத்தரி எப்போது கைக்கு வந்தது என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

வெட்டிய பிறகுதான் பக்கத்து அட்டையைப் படித்தாள். ‘முடியாத தையல். தோல், பருத்தி நூல். வெட்டாமல் விட்ட இந்த நூலே படைப்பின் உயிர்.’

வீட்டுக்குப் போன கையோடு நூலை எரித்துவிடப் பார்த்தாள். நுனி சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகித் தீ அணைந்தது. செய்த பாவம் போதாதா என்று மனசு அடித்துக்கொள்ள, மறுபடி பைக்குள்ளேயே வைத்தாள்.

ராத்திரி அவளைத் தூங்கவிடாதது நூல் அல்ல, ஜான் பாஷா பாய். அதே கம்பெனியில் அவளுக்கு எதிர் டேபிளில் நின்று ஓய்வு பெற்றவர். இப்போது கண்காட்சிக்குக் காவல்.

“ஒரு கீறல் விழுந்தாலும் என் தலைதான்னு மேடம் சொல்லிட்டாங்க. நல்லபடியா முடிஞ்சா எல்லா ஊருக்கும் என்னையே கூட்டிட்டுப் போறாங்களாம், மாச சம்பளத்துல” என்று நேற்று அவள் வெளியே வரும்போது சந்தோஷமாகச் சொன்னார்.

இன்று கடைசி நாள். கண்காட்சிப் பொறுப்பாளரான மேடம் ஹேமலதா கையில் போட்டோக்களோடு ஒவ்வொரு படைப்பாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். தோல் விரிப்புக்கு முன்னால் இன்னும் மூன்றுதான் பாக்கி.

காலையிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஜான் பாஷாவிடம் ஹெலன் ஓடினாள்.

“பாய், அந்தத் தோல்ல தொங்குன நூல நான்தான் வெட்டிட்டேன்.”

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

“எப்போ?”

“நேத்து. பழக்க தோஷம் பாய், கை சும்மா இருக்கல. மேடம்கிட்ட நானே சொல்லிடறேன்.”

“வேணாம்மா. நீ கம்முனு வூட்டுக்குப் போ.”

தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறாரே, இந்த மனுஷனின் பிழைப்பிலா மண்ணைப் போட்டோம் என்று நினைத்தாள். பையைத் திறந்து நூலை எடுத்தாள்.

“நான் செஞ்ச தப்புக்கு நீங்க ஏன் பாய் பேஜார் படணும்? இத அவங்க கையிலயே குடுத்து மன்னிப்பு கேட்டுக்கறேன்.”

“அத மட்டும் அவங்களுக்குக் காட்டாதம்மா.”

“ஏன் பாய்?”

ஹேமலதா அடுத்த படத்துக்கு நகர்ந்தார். ஜான் பாஷா சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு முழம் பருத்தி நூல்.

“மொத நாளே நான் வெட்டிட்டேன்மா. நீ வெட்டினது, நான் கட்டி வுட்ட நைலான் நூலு.”