வீட்டில் தடைசெய்யப்பட்ட வார்த்தை

இவரிடம் பயிற்சிக்கு வேறு யாராவது ஒருவர் வந்துவிட்டால் என் காதுக்கு விடுதலை கிடைக்கும்.

ஐம்பது வயதில், என் அண்ணனின் அச்சகத்தில் பார்த்த வேலையை உதறிவிட்டு, வாழ்க்கைக்கும் தொழிலுக்கும் வழிகாட்டும் கோச் ஆகியிருந்தார் என் கணவர்.

"பீரோவைத் தனியா நகர்த்த முடியாது, கொஞ்சம் கை கொடுங்க."

"முடியாதுங்கிற வார்த்தையே இந்த வீட்டுல கேட்கக் கூடாது."

நானே நகர்த்தினேன். அவர் ஓரமாக நின்று கைதட்டினார்.

மாதங்கள் போயின. யாரும் வரவில்லை. ஒருநாள் சமையலறைக்கு வந்து தொண்டையைக் கனைத்தார்.

"உங்க அண்ணன்கிட்ட பேசேன். என் பழைய வேலை இன்னும் காலியாத்தான் இருக்காம்."

"நீங்களே கேளுங்களேன்."

"கிணத்துத் தவளைன்னு எல்லார் முன்னாடியும் அவரைச் சொல்லிட்டு வந்துட்டேன். என்னால முடியாதும்மா. உன்னால முடியும்ல?"

"நல்லா முடியும்," என்றேன். "ஆனா மாட்டேன்."