கையெழுத்துப் பண்ணை

"மெர்வ் பண்ணையில ஒருத்தரும் வேலை செய்யறதில்ல. கையெழுத்து வியாபாரம் மட்டும் ஜோரா நடக்குது!"

மூக்கடைத்த ஒரு குரல், பெயர் சொல்லாமல், பிரிஸ்பேன் விசா அலுவலகத்துக்குப் போன் செய்து இப்படிப் போட்டுக் கொடுத்திருந்தது. பதிவான அந்தக் குரலை லாக்லன் மனப்பாடம் ஆகும்வரை கேட்டான். மோசடிப் பிரிவில் அவன் புது ஆள். இந்த சீசனுக்குள் ஒரு கேஸாவது பிடிக்காவிட்டால் பழையபடி டெலிபோன் எடுக்கும் வேலைதான் என்று மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஊர் சுற்றிக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்ற விசாவில் வெளிநாட்டு இளசுகள் ஆஸ்திரேலியாவுக்கு வருவார்கள். இன்னொரு வருஷம் தங்க வேண்டுமென்றால் பல பேருக்கு மூன்று மாதப் பண்ணை வேலை கட்டாயம். வேலை செய்ததற்குப் பண்ணைக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். வேலையே செய்யாமல் காசு கொடுத்துக் கையெழுத்து வாங்கப் பார்க்கும் கெட்டிக்காரர்களுக்கா பஞ்சம்?

லாக்லன் ஒரு முதுகுப்பையும் கிழிந்த கால்சட்டையுமாக, தான் கனடாக்காரன் என்று சொல்லிக்கொண்டு பண்ணையில் போய் இறங்கினான். காலைச் சாப்பாட்டு நேரம். பண்ணைக்காரர் மெர்வுடைய மனைவி கோரல் டோஸ்ட்டும் வெண்ணெயும் வெஜிமைட் ஜாடியும் வைத்தாள்.

"சாப்பிடு கண்ணு. எவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்கே!"

லாக்லன் நல்ல பசியில் இருந்தான். வெண்ணெய் தடவி, அதன்மேல் வெஜிமைட் என்ற அந்த உப்புக் கரிக்கும் கறுப்பு விழுதைக் கத்தி நுனியில் துளி எடுத்து இழுத்துவிட்டு, நாலு வாயில் முடித்தான். கோரல் அவனையே வாஞ்சையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஸ்ட்ராபெர்ரி வயல் சிவப்பாய்ப் பழுத்துக் கிடந்தது. பறிக்க ஆளில்லாமல் ஓரத்து வரிசைகள் அழுகத் தொடங்கியிருந்தன. மெர்வ் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த சீசன்ல முழுசையும் பறிக்கலேன்னா என் கதை கந்தல், தம்பி. பேங்க்காரன் நிலத்தை எடுத்துக்குவான்."

'நல்லாத்தான் நடிக்கிறார் மனுஷன்' என்று நினைத்துக்கொண்டான் லாக்லன்.

வயலில் மூன்றே பேர்தான் இருந்தார்கள். ஸ்வீடன்காரி என்று சொன்ன இங்ரிட் செடிகளைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்தாள். ஜெர்மானியன் என்று சொன்ன கிளாஸ் வருவோர் போவோரிடமெல்லாம் "உனக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று குடைந்தான். இத்தாலிக்காரன் என்று சொன்ன மார்க்கோ, கழிப்பறைக்குள் நின்று போனில் கிசுகிசுத்தான்.

கையெழுத்துத் தரகர் கும்பல்! லாக்லன் முடிவே கட்டிவிட்டான். ஆதாரம் சிக்கும்வரை சந்தேகம் வராமல் வேலை செய்ய வேண்டும். செய்தான். ஐயோ பாவம், நாய் படாத பாடு பட்டான்! முதுகு விண் விண் என்று தெறித்தது. விரலெல்லாம் சிவந்து போனது. அந்த மூவரும் அவனைக் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்துக்கொண்டே போட்டி போட்டுப் பறித்தார்கள்.

"நீங்க கொஞ்சம் உட்காருங்களேன்," என்று ஒருநாள் இங்ரிட்டிடம் தூண்டில் போட்டுப் பார்த்தான்.

"ஏன், நீ உட்காரேன்! எனக்கொண்ணும் இடுப்பு வலிக்கல," என்றாள் அவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

வாரங்கள் ஓடின. சம்பளம் ஒழுங்காக வந்தது. கையெழுத்துக்கு எவனும் விலை பேசவில்லை. கடைசி வரிசையும் பறித்து முடிந்த அன்று மெர்வ் பேனாவோடு வந்தார்.

"யாருக்கெல்லாம் கையெழுத்து வேணும்?"

இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை. லாக்லன் அடையாள அட்டையை உருவித் தூக்கினான்.

"யாரும் அசையாதீங்க! விசா அலுவலகம்!"

"நீ அசையாதே! வரி இலாகா!" மார்க்கோ கையிலும் அட்டை இருந்தது.

"தொழிலாளர் இலாகா!" என்றான் கிளாஸ்.

"பூச்சிமருந்துச் சோதனை," என்றாள் இங்ரிட் சுரத்தில்லாமல். அவளுடைய ஸ்வீடன் உச்சரிப்பு எங்கே போனதோ, சுத்த பிரிஸ்பேன் பேச்சு வந்தது.

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை!

"அடக் கடவுளே, ஆபீசருங்களா நீங்கல்லாம்? சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மெர்வ் பதறிப் போய் எல்லோருக்கும் டீ போடச் சொன்னார்.

இந்தப் பண்ணையில் ஒரு குற்றமும் இல்லை என்று நால்வரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டு கிளம்பினார்கள். வேறு என்ன செய்வது? லாக்லனுக்கு அழுகையே வந்துவிட்டது. டெலிபோன் வேலை அவனுக்காகக் காத்திருந்தது.

பாதி வழியில் தொப்பி நினைவுக்கு வந்து திரும்பினான். சமையலறை ஜன்னலுக்குள் கோரல் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வெளிநாட்டுப் பிள்ளைங்கன்னு எல்லாரையும் நம்பிடாதே தெல்மா. வந்ததும் அந்த வெஜிமைட் ஜாடியை முன்னால வை. நிஜமா வெளிநாட்டுப் பிள்ளைன்னா சாக்லேட்டுன்னு நினைச்சு அள்ளி அப்பிட்டுத் துப்பும். துளியா எடுத்து இழுத்துவிட்டா அது நம்ம ஊர் ஆபீசர். கண்ணை மூடிக்கிட்டு வயலுக்கு அனுப்பு, வேலையை விட்டு ஓடவே ஓடாது."

வாசலில் கிடந்த தொப்பியை எடுத்த லாக்லன் ஜன்னலருகே நெருங்கினான். உள்ளே கோரல் இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வாழைத்தார் வெட்டணும்னா விளம்பரமெல்லாம் தண்டம்டீ, மூக்கை இப்படிப் பிடிச்சுக்கிட்டு, 'தெல்மா பண்ணையில ஒருத்தரும் வேலை செய்யறதில்ல'ன்னு நாலு ஆபீசுக்குப் போன் போடு!"